நான்காவது சுற்று

காறை எலும்புக்குக் கீழே
தீப்பெட்டி அளவுக்குத் தோல் மேடிட்டிருக்கும்.
அங்கேதான் என் கருவியின் வட்டத் தலையை வைப்பேன்.
மழையில் சைக்கிள் மிதித்து ரயிலேறி வருவதால்
சிட்ஸ்கேவின் ஸ்வெட்டர் எப்போதும் ஈரம்.
"உள்ளே போவது மின்சாரம்,
வெளியே வைப்பதாவது கொஞ்சம் சூடாக இருக்கக் கூடாதா?" என்பாள்.

க்ரோனிங்கன், ஆறாம் தளம்.
எங்கள் ஆய்வில் அவள் பதினொன்றாம் எண்.

பாலம் தூக்குகிறவள்.
பாய்மரம் வந்தால் மணி, சிவப்பு விளக்கு, தடுப்புக் கட்டை;
சாலை எழுந்து நிற்கும்,
படகு போகும்,
சாலை படுக்கும்.
பத்தொன்பது வருடம் ஒரு குறையுமில்லை.
பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில்
பாலம் சரியாகப் படுத்ததா என்றொரு சந்தேகம்.
திரும்பிப் போய்ப் பார்த்தாள். படுத்திருந்தது.
பார்த்த கண்ணை நம்ப முடியவில்லை.
மறுபடி போனாள்.
கடைசி வருடம், ஓர் இரவுக்கு நாற்பது தடவை.
விடியும்போது பாலத்தின் மேலேயே
செருப்பில்லாமல் நின்றிருப்பாள்.

மாத்திரை, பேச்சு, வேறு மாத்திரை.
அதற்கும் பிறகுதான் மண்டையில் இரண்டு துளை,
வேகாத சேமியா தடிமனில் இரண்டு கம்பி.

முதல் நாள் ஒவ்வொரு முனையாகத் திறந்து பார்த்தோம்.
ஒன்றில் நாக்கில் இரும்பு ருசி.
இரண்டில் ஒன்றுமில்லை.
மூன்றில், நான்கு வோல்ட்டில்,
சிரித்தாள்.
இடது கன்னம் முதலில், பிறகு தோள், பிறகு நாற்காலி.
டாக்டர் ருட்கருக்கும் தொற்றிக்கொண்டது.
குறைத்தேன்.
குழாயை மூடியது போல நின்றது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"இப்போது சிரித்தது யார்? நானா, நீயா?"
நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பத்து நாற்பத்திரண்டு.

மூன்று புள்ளி நான்கில் அவளுக்கு ஒத்துவந்தது.
நேராக வீட்டுக்குப் போனாள். தூங்கினாள்.
பாலத்தின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு
ஒரு புகைப்படம் அனுப்பினாள்.

பிப்ரவரியில் ஃபோன்.
அண்ணன் யெல்லே செத்துவிட்டான், வியாழக்கிழமை அடக்கம்.
"அழுகை வரவில்லை.
ரொட்டி ருசிக்கிறது, காலையில் குருவி கேட்கிறது.
உறைந்த கால்வாயில் என்னைக் கயிறு கட்டி இழுத்துப் போனவன் அவன்.
குறைத்து வை."

ஆய்வு விதிகள் அறுபத்தெட்டுப் பக்கம்.
சாவு என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது,
இரண்டும் நோயாளியுடையது.
ருட்கர் ஜன்னலோரம் வெகுநேரம் நின்றார்.
"அவள் அண்ணன். அவள் தலை," என்றார்.
புதன் மாலை ஒன்று புள்ளி எட்டுக்கு இறக்கினேன்.

வெள்ளி காலை வந்தாள், முகம் வீங்கி.
அவர்கள் ஊரில் மணியடிக்க மணியடிக்க
பெட்டியைத் தூக்கிக் கல்லறைத் தோட்டத்தை
மூன்று முறை சுற்றுவார்களாம்.
"முதல் சுற்றிலேயே வந்துவிட்டது.
மூக்கொழுக, சத்தமாக, ஊரே பார்க்க."
கொஞ்சம் பெருமை இருந்தது அதைச் சொன்னதில்.
"இறக்கினோம். எல்லோரும் காபிக்குப் போய்விட்டார்கள்.
எனக்கு மட்டும், சுற்றியது மூன்றா, இரண்டா என்று...
இன்னொரு தரம் நடந்தேன்."
"ஒரு தரம்தானா?"
பதில் சொல்லாமல் ஸ்வெட்டர் நுனியைப் பிழிந்தாள்.
"யெல்லேயின் மகன் வந்து கையைக் கோத்துக்கொண்டான்.
அவன் எண்ணவில்லையாம்."

படிப்படியாக ஏற்றினேன்.
இரண்டரை. மூன்று.
மூன்று புள்ளி ஒன்றில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"போதும்."
"முன்பு நான்கு..."
"தெரியும்."

மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில்
'நோயாளி விருப்பம்' என்று எழுதினேன்.

அவள் போய்விட்டாள்.
லிஃப்ட் திறந்த சத்தம், மூடிய சத்தம்.
பிறகு நடையில் அதே ஈரக் காலடி
என் அறை நோக்கித் திரும்பி வந்தது.
பேனா அப்படியே நின்றது என் கையில்.

கதவு திறந்தது.
"கையுறை," என்றாள்.

நாற்காலிக்கடியில் குனிந்து பார்த்தேன்.
கிடந்தது, ஒற்றையாக.